ஒரு மணி நேரத்தில் கிருமி தெரிந்தால் ஐசியுவில் ஆன்டிபயாடிக் குறையுமா?

கேள்வி இதுதான்: தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐசியு) நிமோனியா அல்லது செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் நோயாளிக்கு, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்காக இரண்டு மூன்று நாள் காத்திருக்காமல், கிருமியின் பெயரையும் அதன் எதிர்ப்பு மரபணுக்களையும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும் பிசிஆர் பேனல் சோதனையைச் செய்தால் தேவையற்ற ஆன்டிபயாடிக் குறையுமா, அப்படிக் குறைப்பது நோயாளிக்குப் பாதுகாப்பானதா? மருந்துத் தேர்வு மேம்படுகிறது என்பதற்கு இன்று நல்ல சான்று இருக்கிறது. அதனால் நோயாளி நன்றாகக் குணமடைகிறார் என்பதற்குச் சான்று இல்லை; பெரிய ஆய்வு ஒன்று அந்த இடத்தில் நம்மைச் சற்று எச்சரிக்கவும் செய்கிறது. சோதனையின் வேகத்தை விட, முடிவு வந்ததும் அதை யார் வாங்குகிறார், எதைச் செய்யத் துணிகிறார் என்பதே பயனைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், ஐசியுவில் ஏன் இவ்வளவு பரந்த (பல வகைக் கிருமிகளைத் தாக்கும்) ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுகிறது என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்த செப்டிக் ஷாக் நோயாளிகளிடம், சரியான மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைவதாக 2006ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பழைய நோயாளிக் கோப்புகளைப் பின்னோக்கிப் பார்த்துச் செய்யப்பட்ட ஆய்வுதான் அது என்றாலும், ஒரு தலைமுறை மருத்துவர்களின் பழக்கத்தை அது மாற்றியது. சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் 2021ல் இதைச் சற்று நிதானப்படுத்தி, ஷாக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்றும், ஷாக் இல்லாமல் தொற்று உறுதியாகாத நிலையில் இருந்தால் விரைவாக ஆராய்ந்து, சந்தேகம் நீடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கலாம் என்றும் பிரித்துச் சொன்னது. ஆகவே நள்ளிரவில் மெரோபெனம், வான்கோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளை எழுதும் பணி மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. அன்று அவசரத்துக்காக எழுதிய மருந்து, அவசரம் தீர்ந்த பிறகும் ஏழு நாள், பத்து நாள் என்று அப்படியே ஓடிக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

நிறுத்துவது ஏன் கடினம் என்றால், வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல், வெள்ளணு உயர்வு, எக்ஸ்ரேயில் நிழல் ஆகிய மூன்றும் நிமோனியா இல்லாமலேயே வரக்கூடும். நுரையீரலில் நீர் கோப்பது, ஒரு பகுதி காற்றின்றிச் சுருங்குவது, கணைய அழற்சி, மருந்தினால் வரும் காய்ச்சல், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய அழற்சி என்று காரணங்கள் பல. இவற்றைப் பிரித்தறிய உதவ வேண்டிய கல்ச்சரோ தாமதமாகவே பேசுகிறது. ரத்தக் கல்ச்சர் பாட்டில் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் பாசிட்டிவ் என்று எச்சரிக்கை கொடுக்கும். பிறகு கிராம் சாயம், தட்டில் வளர்ப்பு, கிருமியை அடையாளம் காணுதல், சென்சிட்டிவிட்டி (கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற சோதனை) என்று இன்னும் ஒன்றிரண்டு நாள் போகும். ஏற்கனவே ஆன்டிபயாடிக் ஏறியிருந்தால் எதுவும் வளராமலும் போகலாம். எதுவும் வளரவில்லை என்ற முடிவைத் தொற்று இல்லை என்று மருத்துவர் படிப்பதா, மருந்து வேலை செய்கிறது என்று படிப்பதா? பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் படிக்கப்படுகிறது, மருந்தும் தொடர்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் விரைவுச் சோதனைகள் வந்தன. அவை எல்லாம் ஒரே வகையல்ல. மால்டி-டாஃப் என்ற கருவி, வளர்ந்த காலனியிலிருந்து கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லும். ஆனால் அது வளரும் வரை காத்திருக்க வேண்டும். பாசிட்டிவ் ஆன பாட்டிலிலிருந்து நேரடியாகச் செய்யும் பிசிஆர் பேனல்கள் ஓரிரு மணி நேரத்தில் முடிவு தருகின்றன. வளர்ப்புக்கே காத்திராமல், மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியில் நேரடியாகச் செய்யும் நிமோனியா பேனல்தான் இவற்றில் மிகவும் கவர்ச்சியானது. பயோஃபயர் நிமோனியா பேனலை எடுத்துக்கொண்டால், 18 பாக்டீரியாக்கள், சுவாச வைரஸ்கள், 7 எதிர்ப்பு மரபணுக் குறியீடுகள் ஆகியவற்றை அது சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் தேடிச் சொல்கிறது. அந்த 18ல் 15 பாக்டீரியாக்களுக்குத் தோராயமான அளவையும் குறிப்பிடுகிறது.

இந்தப் பேனலை ஐசியுவுக்குள்ளேயே வைத்து நடத்திப் பார்த்த ஆய்வுதான் பிரிட்டனின் இன்ஹேல். மருத்துவமனையில் இருக்கும்போது வந்த நிமோனியா, வென்டிலேட்டர் தொடர்பான நிமோனியா ஆகியவை சந்தேகிக்கப்பட்ட 554 நோயாளிகளை, 14 ஐசியுக்களில், 2019 முதல் 2021 வரை சேர்த்து, குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பேனல் சோதனையும், அதன் முடிவுக்கேற்ற மருந்து வழிகாட்டியும் சேர்த்துக் கிடைத்தன. மற்றொரு குழுவுக்கு வழக்கமான கல்ச்சர் மட்டும். இரண்டு கேள்விகளை முதன்மையாக வைத்தார்கள்: 24 மணி நேரத்தில் நோயாளி பெறும் ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லக்கூடியதாகவும் தேவைக்கு மிஞ்சாததாகவும் இருக்கிறதா, 14ஆம் நாளில் நிமோனியா குணமாகியிருக்கிறதா?

முதல் கேள்விக்கான விடை தெளிவானது. சோதனைக் குழுவில் 76.5 சதவீதம் பேர் பொருத்தமான, அளவான மருந்தைப் பெற்றிருந்தார்கள். மற்றொரு குழுவில் 55.9 சதவீதம் பேர்தான். மருந்துக் கட்டுப்பாட்டு முயற்சிகளில் இவ்வளவு பெரிய வேறுபாடு எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கான விடை நெஞ்சை உறுத்துகிறது. 14ஆம் நாளில் குணமானவர்கள் சோதனைக் குழுவில் 56.7 சதவீதம், வழக்கமான குழுவில் 64.5 சதவீதம். புள்ளியியல் சரிக்கட்டலுக்குப் பின் வேறுபாடு 6 சதவீதப் புள்ளிகள்; அதன் நம்பிக்கை இடைவெளி, 15 புள்ளிகள் மோசமாக இருக்கலாம் என்பதிலிருந்து 2 புள்ளிகள் மேலாக இருக்கலாம் என்பது வரை நீள்கிறது. 13 புள்ளிகளுக்கு மேல் மோசமாகாது என்று காட்டுவதே ஆய்வாளர்கள் முன்கூட்டியே வைத்த எல்லை. அந்த எல்லையைத் தாண்டாது என்று நிரூபிக்க முடியவில்லை.

இதைப் படிக்கும்போது இரண்டு பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். சோதனை நோயாளிகளுக்குத் தீங்கு செய்தது என்று இந்த எண்கள் சொல்லவில்லை; வேறுபாடே இல்லாதிருக்கவும் இந்த இடைவெளியில் இடம் இருக்கிறது. அதே சமயம், மருந்தைக் குறைப்பது பாதுகாப்பானது என்று இந்த ஆய்வை மேற்கோள் காட்டவும் முடியாது. 14ஆம் நாளில் நிமோனியா குணமாகிவிட்டது என்று ஐசியு நோயாளியிடம் தீர்மானிப்பதே கடினம். சேர்க்கைக் காலத்தின் பாதிக்கு மேல் கோவிட் பெருந்தொற்றுக்குள் விழுந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இவற்றைத் தாண்டி, பேனல் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதிலும் விளக்கத்தின் ஒரு பகுதி இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். ஆய்வின் எண்களிலிருந்து மட்டும் அதை உறுதிப்படுத்த முடியாது.

பேனல் பார்ப்பது மரபணுப் பொருளை. உயிருள்ள கிருமியை அல்ல. ஏற்கனவே கொடுத்த மருந்தால் செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் என்றே வரும். வென்டிலேட்டர் குழாயில் சில நாள்களுக்குப் பிறகு கிருமிகள் குடியேறுவது வழக்கம். குடியிருக்கும் கிருமியையும் நோய் உண்டாக்கும் கிருமியையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. அது தரும் தோராயமான அளவும் கல்ச்சர் எண்ணிக்கையை விடப் பெரும்பாலும் உயர்ந்தே காணப்படுகிறது. எனவே, எக்ஸ்ரேயில் புதிய நிழல் இல்லாத, ஆக்சிஜன் தேவை கூடாத நோயாளியிடம் சும்மா அனுப்பிப் பார்ப்போம் என்று செய்யப்படும் பேனல், தேவையற்ற மருந்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். மறுபுறம், ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மால்டோஃபிலியா என்ற பிடிவாதமான கிருமியும், அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் இந்தப் பேனலின் பட்டியலிலேயே இல்லை. நெகட்டிவ் முடிவு தேடியவற்றைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

இந்திய ஐசியுக்களுக்கு இதில் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. இதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நம் ஐசியுக்களில் மிகுதியாகத் தொல்லை தருபவற்றில் ஒன்று அசினெட்டோபாக்டர் பௌமானி. மெரோபெனம் உள்ளிட்ட கார்பாபெனம் மருந்துகளை அது முறியடிப்பதற்கு முதன்மைக் காரணம் ஆக்சா-23 என்ற நொதி. மேலே சொன்ன நிமோனியா பேனல் தேடும் கார்பாபெனம் எதிர்ப்பு மரபணுக்கள் கேபிசி, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி, ஆக்சா-48 வகை ஆகிய ஐந்துதான். ஆக்சா-23 அதில் இல்லை. ஆகவே அசினெட்டோபாக்டர் இருக்கிறது, எதிர்ப்பு மரபணு எதுவும் இல்லை என்று முடிவு வந்தால், மெரோபெனம் வேலை செய்யும் என்று அதைப் படிப்பது ஆபத்தான தவறு. சூடோமோனாஸ் விஷயத்திலும் இதே கதைதான்: வெளிச்சவ்வில் உள்ள துளைகளை இழந்தும், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளியும் அது எதிர்த்து நிற்கும்போது, அதற்கு எந்த மரபணுப் பெட்டியிலும் குறி விழாது. மரபணு இருக்கிறது என்ற செய்தி வலுவானது; இல்லை என்ற செய்தி பலவீனமானது. சென்சிட்டிவிட்டி முடிவு வரும் வரை அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

மரபணு இருக்கிறது என்ற செய்திதான் நம் ஊரில் விரைவுச் சோதனைக்கு உண்மையான மதிப்பைத் தருகிறது. 2008ல் ஸ்வீடனில் சிகிச்சை பெற்ற, அதற்கு முன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளியின் க்ளெப்சியெல்லா கிருமியில் கண்டறியப்பட்டு, 2009ல் பெயரிடப்பட்டது என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு நொதி. மறு ஆண்டு வெளியான ஆய்வு சென்னையிலிருந்து 44, ஹரியாணாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று இந்தக் கிருமி மாதிரிகளைக் காட்டியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. இன்று இந்தியாவில் கார்பாபெனத்துக்குக் கட்டுப்படாத க்ளெப்சியெல்லாவில் பரவலாக இருப்பவை என்டிஎம்மும் ஆக்சா-48 வகையும். அமெரிக்காவில் நீண்ட காலம் ஓங்கியிருந்த கேபிசி இங்கே அரிது. மருந்துத் தேர்வில் இந்த வேறுபாடு நேரடியாக எதிரொலிக்கிறது. ஆக்சா-48 மட்டும் இருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து தனியாகவே போதும். என்டிஎம் இருந்தால் அது தனியாகப் பயன்படாது. அஸ்ட்ரியோனம் என்ற மற்றொரு ஆன்டிபயாடிக்கை உடன் சேர்க்க வேண்டும். அஸ்ட்ரியோனத்தை என்டிஎம் சிதைக்காது, அதைச் சிதைக்கும் மற்ற நொதிகளை அவிபாக்டம் தடுக்கிறது என்பதே அந்தச் சேர்க்கையின் அடிப்படை. இந்தச் செய்தி மூன்றாம் நாளுக்குப் பதில் முதல் நாளே கிடைத்தால், சிறுநீரகத்தைப் பாதிக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தை இருட்டில் கொடுப்பதைத் தவிர்க்க முடியும். இங்கே சோதனை ஆன்டிபயாடிக்கைக் குறைப்பதற்காக அல்ல, சரியானதைச் சீக்கிரம் கொடுப்பதற்காகப் பயன்படுகிறது. பிரிட்டனில் ஹீமோஃபிலஸ் போன்ற எளிய கிருமி என்று தெரிந்ததும் மருந்தைச் சுருக்குவது சாத்தியமாகும் அளவுக்கு, கடும் எதிர்ப்புள்ள கிருமிகள் நிறைந்த ஐசியுவில் அது சாத்தியமாகாது. ஒரே சோதனை இரண்டு நாடுகளில் இரண்டு வேலைகளைச் செய்யும். வெளிநாட்டு ஆய்வின் சதவீதங்களை இங்கே அப்படியே ஒட்டிவிடக் கூடாது.

சோதனை நன்றாக இருந்தும் எதுவும் மாறாத கதையும் உண்டு. பிரிட்டனில் 24 ஐசியுக்களில் 210 நோயாளிகளிடம் நடந்து, 2020ல் வெளியான வாப்-ரேபிட்2 ஆய்வு அது. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-8 ஆகிய இரண்டு அழற்சிப் புரதங்களும் குறைவாக இருந்தால் வென்டிலேட்டர் நிமோனியா இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆகவே அந்த முடிவைச் சில மணி நேரத்தில் மருத்துவருக்குத் தெரிவித்தால் ஆன்டிபயாடிக் நிறுத்தப்படும் என்று எதிர்பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் இல்லாத நாள்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடே வரவில்லை. நோயாளி மோசமாக இருக்கும்போது ஒரு புதிய சோதனையின் நெகட்டிவ் முடிவை நம்பி மருந்தை நிறுத்தப் பெரும்பாலான மருத்துவர்கள் துணியவில்லை. அந்தத் தயக்கத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். நிறுத்திய பிறகு நோயாளி இறந்தால் பொறுப்பு நிறுத்தியவர் மேல் விழும். தொடர்ந்து கொடுத்து, பத்து நாள் கழித்து வேறொரு படுக்கையில் எதிர்ப்புள்ள கிருமி வந்தால் அது யார் கணக்கிலும் எழுதப்படாது. இந்த ஏற்றத்தாழ்வை எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாது. பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஆள்கள்தான் தீர்க்க முடியும்.

2015ல் வெளியான, 617 நோயாளிகளைக் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. பாசிட்டிவ் ஆன ரத்தக் கல்ச்சர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள்: வழக்கமான முறை, விரைவு பிசிஆர், விரைவு பிசிஆருடன் ஆன்டிபயாடிக் மேற்பார்வைக் குழுவின் உடனடி ஆலோசனை. மருந்தைச் சுருக்க ஆன நேரம் வழக்கமான குழுவில் 34 மணி, பிசிஆர் மட்டும் செய்த குழுவில் 38 மணி, ஆலோசனையும் கிடைத்த குழுவில் 21 மணி. விரைவுச் சோதனை மட்டும் வந்தபோது மருந்தைச் சுருக்குவதில் வேகம் கூடவே இல்லை. 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வும், ரத்தத் தொற்றில் விரைவுச் சோதனையோடு இறப்பு குறைவது மேற்பார்வைக் குழு உள்ள இடங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது என்று கண்டது.

புரோகால்சிடோனின் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கிருமியைக் காட்டாது. உடலின் எதிர்வினையை அளக்கும் ரத்தச் சோதனை. அந்த அளவு உயர்ந்ததைப் பார்த்து மருந்தைக் கூட்டிய டென்மார்க் ஆய்வில், 2011ல் வெளியான அதில் 1,200 ஐசியு நோயாளிகள் இருந்தார்கள், இறப்பு குறையவில்லை; வென்டிலேட்டர் நாள்களும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடின. அளவு இறங்குவதைப் பார்த்து நிறுத்தப் பயன்படுத்தியபோது நிலைமை வேறு. நெதர்லாந்து ஆய்வில் சிகிச்சை 7 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்தது. பிரிட்டனில் 41 ஐசியுக்கள், 2,760 நோயாளிகள் என்று நடந்து 2024ல் வெளியான ஆய்வில் 10.7 நாள் 9.8 ஆனது, இறப்பு கூடவில்லை என்றும் நிரூபிக்கப்பட்டது. சிஆர்பி என்ற மற்றொரு அழற்சிக் குறியீட்டின் அளவைப் பார்த்து அதையே செய்ய முயன்றபோது நாள்கள் குறையவில்லை. தொடங்குவதற்கு அல்ல, நிறுத்துவதற்கே புரோகால்சிடோனின்.

ஒரு மருத்துவமனை இந்தப் பேனலை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், அதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலைகள் முடிந்துவிட்டனவா என்றுதான் முதலில் கேட்பேன். ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்பே இரண்டு செட் ரத்தக் கல்ச்சர், பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மி.லி. ரத்தம் என்று எடுக்கப்படுகிறதா? இரவு எட்டு மணிக்குப் பாசிட்டிவ் ஆகும் பாட்டில் மறுநாள் காலை ஆய்வகம் திறக்கும் வரை கருவிக்குள் கிடக்கிறதா? கிராம் சாய முடிவை ஆய்வகத்திலிருந்து யாராவது ஐசியுவுக்குத் தொலைபேசியில் சொல்கிறார்களா? பாட்டில் பாசிட்டிவ் ஆனதும் நேரடியாக மருந்து வில்லைகளை வைத்து 4, 6, 8 மணி நேரத்தில் சென்சிட்டிவிட்டியைப் படிக்கும் முறையை ஐரோப்பியத் தரநிலைக் குழுவான யூகாஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, மாலையிலும் வேலை செய்யும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்தான் தேவை. மரபணுவை அல்ல, மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்பதையே பார்ப்பதால், ஆக்சா-23 போன்ற கண்ணுக்குத் தப்பும் காரணங்களும் இதில் தப்பாது. வளர்ந்த காலனியில் கார்பாபெனத்தைச் சிதைக்கும் நொதியின் (கார்பாபெனமேஸ்) வகையை 15 நிமிடத்தில் காட்டும் பட்டைச் சோதனைகளும் வந்துவிட்டன.

சிகிச்சை நாள்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு 15 நாளுக்குப் பதில் 8 நாள் போதும் என்று 2003லேயே பிரான்ஸின் 51 ஐசியுக்களில் நடந்த ஆய்வு காட்டியது. சூடோமோனாஸ் போன்ற சில கிருமிகளில் மட்டும் நிமோனியா திரும்புவது கூடியது. ரத்தத் தொற்றுக்கு 14 நாளுக்குப் பதில் 7 நாள் போதும் என்று 3,608 நோயாளிகளைக் கொண்ட, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஐசியுவில் இருந்த பேலன்ஸ் ஆய்வு 2024ல் நிரூபித்தது; ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றுகளும், கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ளவர்களும் உள்ளிட்ட சிலர் அதில் சேர்க்கப்படவில்லை. ஏழாம் நாள் காலை ரவுண்ட்ஸில் இந்த மருந்தை ஏன் இன்னும் கொடுக்கிறோம் என்று ஒருவர் கேட்பதற்குச் செலவே இல்லை.

இவை நடக்கும் ஐசியுவில் பேனலை நான் வரவேற்பேன், ஆனால் எல்லோருக்கும் அல்ல. புதிதாக நிமோனியா என்று வலுவாகச் சந்தேகிக்கப்படும், நிலை மோசமாகிக்கொண்டிருக்கும், நல்ல ஆழமான சளி மாதிரி கிடைத்த நோயாளிக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்பே கேஸ் ஷீட்டில் சில வரிகள் எழுதப்பட வேண்டும்: என்டிஎம் வந்தால் எந்த மருந்து, எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) இல்லையென்றால் வான்கோமைசினை எப்போது நிறுத்துவது, எதுவுமே வராவிட்டால் எந்த நேரத்தில் யார் மறுபடி பார்ப்பது. இரவு இரண்டு மணிக்கு வரும் முடிவை வாங்குபவர் முதுநிலை மாணவர்; அந்த நேரத்திலும் அழைத்துக் கேட்க ஒரு மூத்தவரின் எண் அவரிடம் இருக்க வேண்டும். ஷாக்கில் இருப்பவருக்கு முடிவுக்காக மருந்தை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஏற்கனவே தேறி வருபவருக்குப் பேனல் அனுப்பவே வேண்டாம். அவருக்குத் தேவைப்படுவது மருந்தை நிறுத்தும் தேதி.